கிள்ளானில் பொம்மைகளுக்குக் குளிர்ந்தபோது

கிள்ளானில் குளிர் தானாக வருவதில்லை. சுவரில் ஓர் இயந்திரத்தை மாட்டி, மாதாமாதம் மின்கட்டணம் கட்டி வரவழைக்க வேண்டும். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்கள் உண்டு என்பதைப் பாடத்தில்தான் படித்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்தவை வெயிலும் மழையும். இரண்டும் பெரும்பாலும் ஒரே பிற்பகலில் வந்து போய்விடும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, பொம்மைகளைப் பனியிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நம்புவார்கள். அவர்கள்தாம் சாட்சி.

என் அண்ணி ஷாமினி அம்பாங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது, பாத்திரம் பண்டங்களுக்குப் பின்னால் ஒரு லோரி நிறைய அட்டைப்பெட்டிகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் 'உடையும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"என்னம்மா, எல்லாம் கண்ணாடிச் சாமானா?" என்று அம்மா ஆவலோடு கேட்டார்.

"இல்ல அத்த. பொம்ம."

அம்மாவின் முகத்தில் ஓடிய கேள்விகளை நான் எண்ணவில்லை. பொம்மை என்றால் பிள்ளைகள் விளையாடுவது. இவையோ யாரும் விளையாடக் கூடாதவை. வாளேந்திய பெண்கள், இறக்கை முளைத்த நரிகள், பத்துக் கைகள் கொண்ட எந்திர வீரன். சில பிளாஸ்டிக், சில ரெசினில் வார்த்து வண்ணம் தீட்டியவை. வேலைக்குப் போன நாளிலிருந்து அண்ணி ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

பெட்டிகள் அறையின் சுவரோரம் அடுக்கப்பட்டன. அடுக்கியபடியே இருந்தன. "பிரிச்சு வையேம்மா, உன் வீடுதானே" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "வைக்கிறேன் அத்த" என்று அண்ணி சிரிப்பார். வைக்க மாட்டார். பெட்டியைப் பிரிக்காதவர் விருந்தாளிதான் என்பது என் எண்ணம். விருந்தாளியை வீட்டு மனுஷியாக்குவதில் என் பங்களிப்போ மிகக் குறைவு. எனக்கும் அவருக்கும் இடையே நடந்த உரையாடலின் முழு வடிவம் இது:

"சாப்டீங்களா அண்ணி?"

"ஆச்சும்மா."

(தெனமும் இதேதான். மூணாவது வாக்கியம் எனக்கு வரவே வராது.)

ஒருநாள் அவர் ஒரே ஒரு பெட்டியை மட்டும் பிரித்து, கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரித் தட்டில் வரிசையாக வைத்தார். நடுவில் வெள்ளை முடியும் பால்நிற முகமுமாக ஒரு வாள்வீராங்கனை. அண்ணியின் முதல் சம்பளத்தில் வந்தவள் அவள்தான். அந்த ஒரு தட்டைப் பார்த்து அம்மா பட்ட மகிழ்ச்சி, திருமணத்தன்று பட்டதைவிடச் சற்று அதிகம்.

அடுத்த வாரமே அண்ணனும் அண்ணியும், தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த தேனிலவுக்குக் கேமரன் மலைக்குக் கிளம்பினார்கள். புறப்படும்போது அண்ணி என்னைத் தனியே அழைத்தார்.

"தர்ஷினி, ஏர்கோன இருபத்தாறுல வச்சிருக்கேன். ஆஃப் மட்டும் பண்ணிடாதம்மா. மத்தியானம் வெயில் நேரா அந்தத் தட்டுலதான் அடிக்குது, பிளாஸ்டிக் இளகிப் போயிடும். நீதான் எல்லாத்தையும் கவனமா செய்வ, அதான் உன்கிட்ட சொல்றேன்."

"அவகிட்டயா சொல்ற? போச்சுலா!" என்றான் அண்ணன், பையைத் தூக்கிக்கொண்டே.

நான் அவனைப் பொருட்படுத்தவில்லை. அண்ணி என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு அது. என்னை நம்பி ஒரு தட்டை ஒப்படைத்திருக்கிறார். அந்தத் தட்டு பத்திரமாக இருந்தால் மற்ற பெட்டிகளும் திறக்கும். என் தர்க்கம் இவ்வளவுதான். இன்றும் அதில் பிழை காண முடியவில்லை. பிழையெல்லாம் செயலில்தான்.

மறுநாள் மாலை கொமுட்டர் ரயிலில் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி அந்த அறையைத் திறந்தேன். மீன் சந்தையின் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. இயந்திரம் பதினாறு என்று காட்டியது. இருபத்தாறுக்கு மாற்றிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் பதினாறு. அதற்கடுத்த நாளும் அப்படியே.

இரவுச் சாப்பாட்டின்போது, "அண்ணி ரூம்ல ஏர்கோன் ரிமோட் பழுதாயிருச்சுபோல. தானா பதினாறுக்குப் போகுது" என்றேன்.

அம்மா ரசத்தைக் கலக்கினார். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, அப்பளத்தை மிகுந்த கவனத்தோடு நொறுக்கினார்.

"இந்தக் காலத்து மிஷினு அப்படித்தான்லா," என்றார்.

"ஆமா, அப்படித்தான்," என்றார் அம்மா.

இருவரும் ஒரே கருத்தைச் சொன்ன அபூர்வத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அணைக்கக் கூடாது; குளிரையும் குறைக்க முடியவில்லை. அண்ணியைக் கேட்டிருக்கலாம். ஆனால் தேனிலவில் இருப்பவரிடம், உங்கள் பொம்மைகளுக்குக் குளிர்கிறது என்று எந்த வாக்கிய அமைப்பில் தொடங்குவது? எனவே இலக்கிய மாணவி செய்யக்கூடியதைச் செய்தேன். வாசித்தேன். எங்கோ பனி கொட்டும் ஊரில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர் இணையத்தில் விரிவாக எழுதியிருந்தார். குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும், மூட்டுகள் சுருங்கும், ரெசினில் வண்ணம் வெடிக்கும், மெல்லிய விரல்கள் தொட்டால் ஒடியும். மென்மையான பருத்தித் துணியால் போர்த்துக. பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்று தேர்வுதோறும் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கட்டுரையின் நிலம் எது, பொழுது எது என்று மட்டும் கேட்கவில்லை. மயிலுக்குக் குளிருமென்று போர்வை கொடுத்த வள்ளலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த மயிலை யாராவது விசாரித்தார்களா என்று அப்போது தோன்றியதில்லை.

வீட்டில் பருத்தித் துணி தேடினேன். பழைய கைலிகள் இருந்தன. அண்ணியின் வீராங்கனைக்கு அப்பாவின் பழைய கைலியா? மனம் ஒப்பவில்லை. அம்மாவின் அலமாரியில், வரப்போகும் தைப்பூசத்துக்காகக் கிள்ளான் கடைத்தெருவில் எடுத்த மஞ்சள் துணி, தண்ணீர் படாத புதுத்துணி, மடிப்புக் கலையாமல் இருந்தது. மரியாதை என்றால் புதுத்துணிதானே? அளந்து கத்தரித்தேன். ஒவ்வொருவருக்கும் கழுத்திலிருந்து கால்வரை சுற்றி, தலையில் முக்காடிட்டு, முகத்தை ஒட்டி இழுத்துக் கட்டினேன். எந்திர வீரனின் பத்துக் கைகளுக்கும் தனித்தனி உறை. நேர்த்தியான வேலை. (இப்பவும் சொல்றேன், தையல் சுத்தம்.)

மறுநாள் வெள்ளிக்கிழமை. எதிர்வீட்டு சரோஜா ஆன்டி, பாயசம் வாங்கிப் போன கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவர், திறந்திருந்த கதவு வழியாக அந்தத் தட்டைப் பார்த்துவிட்டார். மஞ்சள் ஆடையில் வரிசையாக நிற்கும் உருவங்கள்; ஒன்றுக்குப் பத்துக் கைகள்; முகங்களில் சாந்தம். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, எந்த அம்மன்மா இது? சொல்லவே இல்லியே!"

அவை அம்மன் இல்லை, தட்பவெப்பப் பாதுகாப்பு என்பதைச் சொல்ல ஒரு வாக்கியம் கட்டத் தொடங்கினேன். எழுவாய் கிடைத்து, பயனிலைக்குப் போவதற்குள் ஆன்டி உள்ளே நுழைந்து கண்களை மூடிவிட்டார்.

"சக்தி உள்ள சாமிதான். ரூமே சில்லுன்னு இருக்கு பாத்தியா! எனக்கு மயிர்க்கூச்செடுக்குது." கைப்பையிலிருந்த வாழைப்பழம் ஒன்றை எந்திர வீரனின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நண்பகல். போர்த்தினாலும் அறை உறைந்தே கிடப்பது என்னை உறுத்தியது. வெளியே வெயில் கொளுத்துகிறது; அந்த வெப்பத்தைச் சற்றே உள்ளே அனுமதித்தால் என்ன? ஏர்கோனை அணைக்கவில்லை (சொன்ன சொல் தவற மாட்டேன்); சன்னலை மட்டும் அகலத் திறந்தேன். கிள்ளானின் நண்பகல் காற்று உங்களுக்குத் தெரியும். அது காற்றல்ல, இட்லிக் கொப்பரையின் மூச்சு. கண்ணாடி மங்கியது, சுவர் வேர்த்தது. பனி கொட்டும் ஊரின் சேகரிப்பாளர் கட்டுரையின் இறுதியில், திடீர் வெப்ப மாற்றத்தால் நீர்த்துளி படியும், எச்சரிக்கை என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். நான் அந்தப் பத்திக்கு முந்திய பத்தியில் துணி தேட எழுந்துவிட்டிருந்தேன்.

வீராங்கனையின் முக்காட்டைத் தொட்டேன். ஈரம். அவிழ்த்தேன்.

பால்நிற முகத்தில் நெற்றி முதல் தாடைவரை மஞ்சள். வெள்ளை முடி மஞ்சள். அழுத்தித் துடைத்ததில் மூக்கும் மஞ்சளாயிற்று. நலங்கு வைத்து நிறுத்திய மணப்பெண்போல, கையில் வாளோடு என்னைப் பார்த்தாள்.

"அம்மா!"

வாழ்நாளில் அவ்வளவு உரக்க நான் கத்தியதில்லை. அம்மா ஓடிவந்தார். மறுகணம் அப்பாவும் வந்தார், கக்கத்தில் தலையணையோடு.

அம்மா பொம்மைகளைப் பார்க்கவில்லை. தலையணையைப் பார்த்தார். "இது எதுக்கு?"

"சும்மாதான்."

"தெனம் மத்தியானம் நீங்கதான் இங்க வந்து படுக்கிறீங்களா? பதினாறுல வச்சிக்கிட்டு?"

"நான் வரப்பவே பதினாறுலதான்லா இருக்கும்! கட்டில்ல ஒன் முடி கெடந்திச்சே, நான் ஏதாச்சும் கேட்டனா?"

உண்மை மெல்ல விளங்கியது. சமையல் முடித்ததும் அம்மா. அம்மா எழுந்து போனதும் அப்பா. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், மருமகளின் அறையில், மாறி மாறி ஒரு தேனிலவு.

"அப்ப இந்தத் துணியெல்லாம் நேத்தே பார்த்தீங்கதானே? ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"கேட்டா, நீ எதுக்கு உள்ள போனேன்னு கேப்பியே," என்றார் அம்மா.

"நான் கும்புட்டுட்டுத்தான் படுத்தேன்," என்றார் அப்பா.

மூவரும் சேர்ந்து பாத்திரச் சோப்பால் கழுவினோம், மாவுபோட்டுத் தேய்த்தோம். நரிகளும் எந்திர வீரனும் ஓரளவு தேறினார்கள். வீராங்கனை தேறவில்லை. சமையலறையில் அம்மாவின் பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் மஞ்சள் கறையோடு காலங்காலமாக வாழ்வதை நான் தினமும் பார்த்து வளர்ந்தவள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஞாயிறு மாலை அவர்கள் திரும்பினார்கள். அறைவாசலில் நின்றேன். அண்ணி தட்டைப் பார்த்தார். வீராங்கனையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் அண்ணி."

"எதுக்கு?"

நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்துக்கு முன்னுரை, காரணம், வருத்தம் என மூன்று பகுதிகள் இருந்தன. வாயில் வந்தது ஒரே சொல்.

"குளிரும்னு."

அண்ணி வீராங்கனையை மறுபடி தட்டில் வைத்தார். "டயர்டா இருக்கும்மா. நாளைக்குப் பாக்கலாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடவும் வரவில்லை. அம்மா ஒரு தட்டில் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காலையில் அந்த அறையிலிருந்து 'சர்ர்... சர்ர்...' என்று ஒட்டுநாடா இழுபடும் ஓசை கேட்டது. இருந்த ஒரு தட்டையும் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அடுத்து அம்பாங்குக்குத் திரும்பிப் போக லோரி வரும். எல்லாம் ஒரு மஞ்சள் துணியால்.

"தர்ஷினி! கத்தரி கொண்டா!"

கொண்டுபோனேன். அறை நடுவே அண்ணி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெட்டிகள். எல்லாப் பெட்டிகளும் வாய் பிளந்து கிடந்தன. ஒட்டுநாடாவை அவர் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அழுகையே வந்திருச்சு, தெரியுமா?" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "அப்புறம் யோசிச்சேன். கேமரன்ல என்னா குளிரு! உங்க அண்ணன் இருந்த ரெண்டு போர்வையையும் சுருட்டிக்கிட்டுத் தூங்குது. கட்டின பொண்டாட்டி பக்கத்துல நடுங்கிட்டுக் கெடக்கிறேன். இங்க என்னடான்னா நீ பொம்மைக்குக் கைக்குக் கை உறை தச்சுப் போட்டிருக்க!"

"பத்துக் கைக்கும்," என்றேன். துல்லியம் முக்கியம்.

அண்ணி சிரிக்கத் தொடங்கினார். கூடத்திலிருந்து அம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "எங்க வீட்ல எல்லாரும், இத எப்ப தூக்கிப் போடுவேன்னுதான் கேப்பாங்க. அதுக்குக் குளிருமான்னு கேட்டது நீ ஒருத்திதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தட்டு பத்தல. உன் புத்தக அலமாரியில எடம் இருக்குமா?" என்றார்.

புத்தகங்களை நெருக்கி இடம் செய்தேன். மஞ்சள் முகத்து வீராங்கனை இன்றும் அங்கேதான், நிகண்டுகளுக்குக் காவலாக நிற்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் சரோஜா ஆன்டி அவளுக்கு ஒரு முழம் மல்லிகை கொண்டுவருகிறார். உண்மையைச் சொல்லும் வாக்கியம் எனக்கு இன்னும் முடியவில்லை. மழை இருட்டினால் போதும், அண்ணன் ஆரம்பித்துவிடுவான்: "தர்ஷினி, அரிசிச் சாடிக்குக் குளிருதாம், போத்திவிடு!" இனி அடுத்தவர் அறையில் தூங்க வேண்டாமென்று அண்ணியே அம்மா அப்பாவுக்கு ஓர் ஏர்கோன் மாட்டிக் கொடுத்தார். அவர்கள் அதைப் பதினாறில் வைத்துவிட்டு, ரிமோட் பழுது என்கிறார்கள்.

சென்ற வாரம் நல்ல மழை. கூடத்து நாற்காலியில் படித்தபடியே தூங்கிப்போனேன். விழித்தபோது கழுத்திலிருந்து கால்வரை என்மேல் ஏதோ போர்த்தியிருந்தது. கத்தரித்த துண்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த மஞ்சள் துணி.

"பயப்படாத," என்றார் அண்ணி அடுப்படியிலிருந்து. "நல்லா அலசிட்டேன். சாயம் ஒட்டாது."

சொன்னவர் அண்ணி, நம்பினேன். இருந்தாலும் எழுந்துபோய்க் கண்ணாடியில் ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.