இரண்டு பக்கமும் பூ

“பூ!” என்றார் அவர்.

காசு மேலே போய், மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழே நின்று யோசித்துவிட்டு, மனைவியின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. தலை.

“குப்பையை எடுத்துட்டுப் போங்க,” என்றாள் மனைவி.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். யார் குப்பை கொட்டுவது, யார் பாத்திரம் கழுவுவது, வாசலில் மணி அடித்தால் யார் எழுந்து போவது, எல்லாமே அந்த வீட்டில் காசு சுண்டித்தான் முடிவாகும். முடிவு மட்டும் மாறவே மாறாது. அவர் பூ கேட்பார், தலை விழும்.

“ஒரு தடவை தலைன்னு கேட்டுத்தான் பாருங்களேன்,” என்று அவளே பாவப்பட்டுச் சொல்லியிருக்கிறாள்.

“நான் மாத்துற அன்னைக்குத்தான் பூ விழும். என் ராசி எனக்குத் தெரியாதா?”

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது அவர் வேலை. கைக்கு வரும் ஒவ்வொரு காசையும் லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் டிக்கெட்டைக் கிழிப்பார். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். நின்று நின்று கால் வலித்த பயணிகள் வைத்த பெயர்தான் பூதக்கண்ணாடி. அவர் அதற்கெல்லாம் அசருவதில்லை. நாணயச்சாலை தப்பாக அடித்த காசு ஒன்றே ஒன்று சிக்கினால் போதும், ராஜாவாகிவிடலாம் என்பது அவர் கணக்கு. இதுவரை சிக்கியவை இருபத்து மூன்று பிஸ்கட் டின்களில் கட்டிலுக்கடியில், செருப்பு அலமாரியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் என்று குடியிருந்தன. பெரும்பாலும் வளைந்தது, நெளிந்தது, ஓட்டை விழுந்தது.

இந்த நேரம் பார்த்து, பின்பக்கச் சின்ன அறையில் இருந்த மச்சினன் வேலை கிடைத்து ஊர் மாறிப் போனான். அறை காலி. டின்களுக்கு வேண்டும் என்றார் இவர். தையல் மெஷினுக்கு வேண்டும் என்றாள் அவள். கூடத்தில் மெஷின் இருக்கிறவரை சோபாவில் யாரும் நம்பி உட்கார முடியாது. ஊசி எங்கே இருக்கும் என்று ஊசிக்குத்தான் தெரியும்.

“அவ்வளவு ஆசைன்னா நீங்களே எடுத்துக்கோங்க,” என்றாள் கடைசியில்.

“தானமெல்லாம் வேண்டாம். இந்த வீட்டுல ஒரே ஒரு தடவையாவது நான் ஜெயிச்சு வாங்கணும். ஞாயித்துக்கிழமை சுண்டுவோம்.”

வியாழக்கிழமை காலையில் அவருடைய சட்டைப் பொத்தான் தெறித்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். பொத்தான் டப்பாவைத் திறந்து துழாவினால், அடியில் ஒரு காசு. பழக்கதோஷம், லென்ஸை எடுத்தார். பூ. திருப்பினார். பூ. சரியாகத் திருப்பவில்லையோ என்று மறுபடி திருப்பினார். மறுபடியும் பூ.

அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை.

மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால், ‘யாருக்குன்னு சுண்டிப் பார்ப்போம்’ என்பாள். சுண்டினால் என்ன ஆகும் என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே. சத்தம் போடாமல் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டப்பாவில் ஒரு சாதாரணக் காசை வைத்து மூடினார்.

காசு கொஞ்சம் மங்கலாக இருந்தது. குளியலறைக்குள் போய்ப் பற்பசை வைத்துத் தேய்த்தார். பளபளவென்று கண்ணைப் பறித்தது. அந்தச் சந்தோஷம் வேலைக்குப் போகிறவரைதான்.

“ஐயையோ, தேய்ச்சீங்களா!” என்றாள் பக்கத்துக் கவுண்ட்டர்க்காரி. “தேய்ச்ச காசுக்குப் பாதி விலைகூடத் தர மாட்டாங்க சார். பழசு பழசாவே இருக்கணும்.”

சரி, பழசாக்கிவிட்டால் போயிற்று. அன்று சாயங்காலம் டீத்தூளைக் கொதிக்கவிட்டு, காசை அதில் போட்டு வேகவைத்தார். வெந்து வந்த காசு ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் மஞ்சள். இரண்டையும் சமமாக்க, நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார்.

“ஏங்க, உட்கார்ந்த இடத்துலேர்ந்தே எந்த ஊருக்குப் போறீங்க?” என்றாள் மனைவி.

“இடுப்பு வலி. டாக்டர் ஆடச் சொன்னாரு.”

எடுத்துப் பார்த்தால் நாலைந்து கீறல், கோடு போட்ட நோட்டு மாதிரி.

வெள்ளிக்கிழமை மனைவி பொத்தான் டப்பாவைத் திறந்தாள். காசை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள்.

“இந்த டப்பாவை யாராவது தொட்டாங்களா?”

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

“மணி அடிச்ச மாதிரி இருக்கே!” என்று வாசலுக்கு ஓடினார் பூதக்கண்ணாடி. வாசலில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, பழைய நாணயக் கடைக்குப் போனார். கடைக்காரருக்கு இவரைப் பார்த்ததுமே கொட்டாவி வந்தது.

“போன தடவை கொண்டு வந்தது ரயில் ஏறி நசுங்கினது. அதுக்கு முந்தினது வாஷிங் மெஷின்ல மாட்டினது. இன்னைக்கு எதுல மாட்டிச்சு சார்?”

“இன்னைக்கு நீங்கதான் மாட்டினீங்க,” என்று காசை மேஜையில் வைத்தார்.

கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். “டீயில போட்டீங்களா?”

“லேசா.”

“பல்லு வேற விளக்கிவிட்டிருக்கீங்க. எழுத்து இடுக்குல பேஸ்ட் இருக்கு. இந்தக் கீறல்... புழங்கித் தேயற காசு எல்லாப் பக்கமும் தேயும் சார். இது யாரோ மேல உட்கார்ந்து ஆடின மாதிரி இருக்கு.”

“அதையெல்லாம் விடுங்க! ரெண்டு பக்கமும் பூ! அதுவும் நான் பண்ணினதா?”

“நீங்க பண்ணல,” என்றார் கடைக்காரர். “நாணயச்சாலையும் பண்ணல.”

ஒரு சாதாரணக் காசை எடுத்து மேஜையில் போட்டார். டிங் என்றது. இவருடையதைப் போட்டார். டொக் என்றது. தராசில் வைத்தார், எடை குறைந்தது. பிறகு லென்ஸை இவர் கையிலேயே கொடுத்தார்.

“ஓரத்துக்கு உள்பக்கமாப் பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு சுத்தி வருதா? ஒரு காசைக் கிண்ணம் மாதிரிக் குடைஞ்சு, இன்னொரு காசைத் தட்டு மாதிரிச் சீவி உள்ள இறக்கியிருக்காங்க. லேத் வேலை. அடிக்கும்போதே தப்பு நடந்திருந்தாத்தான் விலை. வெளியில வந்தப்புறம் மனுஷன் பண்ணினதுக்கெல்லாம் விலை இல்ல. ஆனா நல்ல கை சார், புதுசாப் பண்ணியிருக்கான்.”

கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. “இதை எதுக்குப் பண்ணுவாங்க?” என்றார் குரல் இறங்கி.

“வேற எதுக்கு? காசு சுண்டும்போது ஏமாத்தறதுக்குத்தான்.”

வழியெல்லாம் பதினோரு வருஷத்துக் குப்பையும் பாத்திரமும் கண் முன்னால் ஊர்வலம் போயின. வீட்டுக்குள் நுழைந்ததும் காசை மேஜையில் டொக்கென்று போட்டார்.

“இது என்ன?”

மனைவி பார்த்தாள். “அதை எடுத்தது நீங்கதானா!”

“பதினோரு வருஷம்! பதினோரு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்க!”

“ஏங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி! நாணயக் கடைக்காரரே சொல்லிட்டாரு, ஏமாத்தற காசுன்னு!”

அவள் முகம் முதலில் சிவந்தது, பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையால் சிரிப்பைப் பொத்திக்கொண்டாள்.

“சரி. உங்க காசையே எடுங்க, நீங்களே சுண்டுங்க. ஞாயித்துக்கிழமை எதுக்கு, இப்பவே.”

அவர் ஒரு டின்னைக் கவிழ்த்தார். அடிபடாத காசாக ஒன்றைத் தேடி எடுத்தார். ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் தலை. லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்த்தார், கோடு இல்லை. தரையில் போட்டார், டிங். நியாயம் என்றால் இதுதான் நியாயம். மார்பு விம்மச் சுண்டினார்.

“பூ!”

காசு விழுந்து, உருண்டு, தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்தது. இரண்டு பேரும் மண்டியிட்டுக் குனிந்தார்கள்.

தலை.

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். லென்ஸில் அது இன்னும் பெரிய தலையாகத் தெரிந்தது.

அப்போது நிஜமாகவே வாசல் மணி அடித்தது. யார் போவது என்று சுண்டிப் பார்க்கத் தெம்பில்லாமல் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். தெருமுனை லேத் பட்டறைக்காரர். தையல் மெஷினில் எது உடைந்தாலும் செய்து கொடுப்பவர் அவர்தான். கையில் புதிதாகக் கடைந்த மெஷின் சக்கரம் இருந்தது. உள்ளே வந்தவர் மேஜையில் கிடந்த காசைப் பார்த்தார். பூதக்கண்ணாடியின் முகத்தைப் பார்த்தார்.

“அதுக்குள்ள சுண்டிட்டீங்களா? ரூம் யாருக்கு அக்கா?”

“எனக்குத்தான்,” என்றாள் மனைவி, சிரிப்பெல்லாம் எங்கேயோ போக.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கீழே வைத்தார்.

“என்னக்கா சொல்றீங்க! சார் எப்பவும் பூதான் கேப்பாரு, பாவம் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்னு சொல்லித்தானே புதன்கிழமை ரெண்டு பக்கமும் பூவாப் பண்ணி வாங்கிட்டுப் போனீங்க?”