அமுக்கினால் நிற்கும் மணி

வாசல் மணி அடிக்கவில்லை. சலூன்காரர் கட்டைவிரல் வெளுக்கும்வரை பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவியைக் கூப்பிட ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளூர ஒரு சந்தோஷம்.

அவள் இதே வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மிக்சி, ரேடியோ என்று வருவதையெல்லாம் பழுதுபார்ப்பவள். போன வாரம் இவர் வாய் சும்மா இருக்காமல், "ரெண்டு ஒயரை முறுக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டார். உடனே அவள் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து "வா" என்ற ஒற்றை எழுத்து இவர் தொண்டையில் சிக்கிக் கிடந்தது.

"மணி அடிக்கலை," என்றார்.

"ரெண்டு ஒயர்தானே. முறுக்குங்க."

"எதை எதோட முறுக்கறதுன்னு சொல்லேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு தொழில் குரலில் ஆரம்பித்தாள். "சர்க்யூட்னா ஒரு வட்டம். பேட்டரியில கிளம்பற கரண்டு சுத்திட்டுத் திரும்பி அதோட வீட்டுக்கே வரணும். நடுவுல எங்க விட்டுப்போனாலும் ஒண்ணும் நடக்காது."

இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேக்குதா?"

"கேக்குது. திரும்பி வீட்டுக்கே வரணும்."

"கரண்டைச் சொன்னேன்," என்றாள். "மணிப் பெட்டிக்குள்ள சின்னச் சிவப்பு லைட்டு எரியுதா? அது ஒரு பக்கமாத்தான் கரண்டை விடும். அதோட நீளமான கம்பிக் காலை பேட்டரி மைனஸ்ல வைங்க."

வைத்தார். மணி அடிக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த லைட்டும் அணைந்தது.

மறுநாளும் கூப்பிட்டார்.

"கலர் கோடு போட்ட குட்டி உருளை இருக்கும். ரெசிஸ்டர். கரண்டு கண்டபடி பாயாம அடக்கி வைக்கும்."

"நம்ம வீட்டுல உன்னை மாதிரி."

அவள் சிரித்தது போலிருந்தது. "அதைக் கழட்டிட்டு, லைட்டை மறுபடி திருப்பிப் போடுங்க."

லைட்டு ஒரு கணம் பளீரென்று எரிந்து கருகிப்போனது. இவருக்கு அவமானமாக இருந்தது. அவள் தினமும் செய்கிற வேலை, தனக்குப் பிடிபடவே மாட்டேனென்கிறது. "உன் வேலையை அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்று முணுமுணுத்தார்.

"நாளைக்குப் பேசலாம்," என்றாள் மெதுவாக.

அடுத்த நாள், ரெசிஸ்டரைத் திரும்ப மாட்டி, பட்டன் ஒயர் இரண்டையும் மணியின் இரண்டு காலிலும் நேராக முறுக்கச் சொன்னாள். முறுக்கினார். மணி வீலென்று அலறத் தொடங்கியது. பதறிப்போய்ப் பட்டனை அமுக்கினார், நின்றது. விரலை எடுத்தார், மறுபடி அலறியது.

வீட்டை ஒட்டிய கடையில் பாதி முகம் சவரம் செய்த ஆள் சோப்பு நுரையோடு காத்திருந்தார். இவரோ வாசலில் ஒரு கையால் பட்டனை அமுக்கியபடி நின்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டால் போதும் என்று தோன்றத்தான் செய்தது. கழற்றிவிட்டால் அவளைக் கூப்பிட என்ன காரணம் சொல்வது? மறு கையால் போன் போட்டார். மாமியார் எடுத்தாள்.

"அவ குளிக்கிறா மாப்பிள்ளை. என்ன விஷயம்?"

"மணி நிக்க மாட்டேங்குது அத்தை. அவ சொன்னபடிதான் மாட்டினேன். என் கைக்குத்தான் எதுவும் வரலை."

"கரண்டு சமாச்சாரம் எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை? 'சரியாச் சொல்லிக்குடுத்துட்டா மறுநாள் கூப்பிட மாட்டாரேம்மா'ன்னு, அவதான் தெனம் போனை வச்சதும் அழுதுட்டிருக்கா."