எல்லாம் பாதுகாப்புக்குத்தான்

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருக்கிறார். இல்லை என்று நினைத்தீர்களானால், நேற்று நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள். சம்பளம் இல்லாமல், யாரும் கேட்டுக்கொள்ளாமல், தெருவின் பாதுகாப்பை மொத்தமாகத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்தவர் வாசலை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த இனத்துக்குப் பாதுகாப்புப் பேர்வழி என்று பெயர் வைக்கலாம். முன்பெல்லாம் இவர்கள் ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். கை வலிக்கும். பார்ப்பதை யாராவது பார்த்துவிட்டால் கொஞ்சம் கூச்சமும் வரும். இப்போது அந்த இரண்டு தொந்தரவும் இல்லை. அதற்குத்தான் கேமரா வந்துவிட்டதே.

இந்த இனத்தில் குறை சொல்ல முடியாத ஒரு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் கோவில்பட்டிக்கு வாருங்கள். வேதமாணிக்கம் என்று பெயர். தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் காலமெல்லாம் மேற்பார்வை பார்த்தவர். எந்தப் பெண் எத்தனை தடவை தண்ணீர் குடிக்க எழுந்தாள், எவள் பக்கத்தில் இருப்பவளிடம் சிரித்துப் பேசினாள், எவள் கொட்டாவி விட்டாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், மேற்பார்வை பார்க்க ஆள் கிடைக்காமல், மனைவி ஜெபக்கனி தோசை சுடுவதைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னங்க, கல்லு முன்னால நின்னு முழிச்சா எனக்குத் தோசை எந்திக்காது. வெளிய போங்க" என்றாள் அவள். வெளியே போனார். வெளியே தெரு இருந்தது.

முதல் கேமரா வந்ததற்குக் காரணம் ஒரு செருப்பு. வாசலில் கிடந்த ஜோடியில் ஒன்றைக் காணவில்லை. ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் எடுப்பான், நாய்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஜெபக்கனி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஒன்று மாட்டினார். அது கேட்டைப் பார்த்தது. கேட்டுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னொன்று. தெரு முக்குக்கு ஒன்று. அந்த முக்கிலிருந்து திரும்புகிறவர்கள் யார் வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்று பார்க்க இன்னும் ஒன்று. கடைசியாக வந்தது பேசவும் செய்யும். பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்ற பலகை தொங்கியது. தன் பெயரைவிட அது முக்கியம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தெரு சும்மா இருந்ததா? இல்லை. முதலில் சண்டைக்கு வந்தது பக்கத்து வீட்டு சைத்தூன் பீவி.

"அண்ணாச்சி, உங்க கேமரா எங்க வாசலைல்லா பாக்குது?"

"தங்கச்சி, அது உங்க வாசலைப் பாக்கல. உங்க வாசலுக்கு வார திருடனைப் பாக்குது. மறைக்கதுக்கு ஒண்ணும் இல்லாதவியளுக்கு என்ன பயம்?"

இந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? வேண்டாம் என்றால் வீட்டுக்குள் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம். சைத்தூன் பீவி முனகிக்கொண்டே போனார். ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, அது எதற்கும் பழகிவிடும். கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்ட பெண்கள், கொஞ்ச நாளில் கேமராவுக்குக் கீழே நின்றே ஊர் வம்பு பேசினார்கள். அதே சைத்தூன் பீவி, "அண்ணாச்சி, கேஸ் வண்டி போயிட்டானான்னு கொஞ்சம் ஓட்டிப் பாருங்களேன்" என்று வந்து நின்றார். யார் வீட்டுக் கோழியை யார் விரட்டினார்கள், மாவு மிஷினுக்குப் போன பையன் எங்கே நின்று விளையாடுகிறான், எல்லாவற்றுக்கும் வேதமாணிக்கம்தான். தெருவுக்கென்று அவர் தொடங்கிய வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு படம் வரும்: 'சிவப்புச் சட்டை. இரவு வந்தவர். யார்? பாதுகாப்புக்காகக் கேட்கிறேன்.' அது யாருடைய மருமகனாகவாவது இருக்கும். அன்று முழுக்க அந்த வீட்டு மாமியார் வெளியே தலைகாட்ட மாட்டாள்.

எல்லாம் இருந்தும் அவருக்கு ஒரு மனக்குறை. மொட்டைமாடிகள். தெருவை மறித்துக் கட்டிவிட்டோம், மேலே மட்டும் இப்படித் திறந்து கிடக்கிறதே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவன் ஜெஸ்டின். விளாத்திகுளம் பக்கம் மிளகாய்த் தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்தடிப்பான். முகூர்த்த நாளில் அதைவிடச் சின்ன ட்ரோனைக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டைப் படம் எடுப்பான். அவன் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்து, பறக்க விடவும் பழக்கிவிட்டான். அன்று முதல் பொழுது சாயும் நேரத்தில் தெருவின் பாதுகாப்பு ங்ஙொய் என்று வானத்தில் ஏறியது. ஒரு மாடியில் வத்தல், ஒரு மாடியில் கருவாடு, ஒரு மாடியில் தலைக்குக் குளித்து முடி உலர்த்தும் பெண். எங்கேயும் திருடன் இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி மாடியில் ட்ரோன் கொஞ்சம் நிதானித்துப் பார்த்துவிட்டுத்தான் போகும். பாதுகாப்பில் அவசரம் கூடாதல்லவா?

பெண்கள் குடையோடு மாடி ஏறத் தொடங்கினார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது, மழைக்கோ அந்தக் கரிசல் வானத்தில் பேச்சே இல்லை; ஆனாலும் மாடிக்கு மாடி குடை விரிந்தது. "கொசுவுக்குன்னா வலை கட்டலாம், இதுக்கு என்னத்தக் கட்டுவேன்?" என்று சைத்தூன் பீவி குடைக்குள்ளிருந்து கேட்டார். ட்ரோனில் காது இல்லாததால் அது வேதமாணிக்கத்துக்குக் கேட்கவில்லை.

சர்ச்சில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அழகை மேலிருந்து படம் எடுக்க ஜெஸ்டின் தன் ட்ரோனை ஏற்றினான். அது போகிற போக்கில் வேதமாணிக்கம் வீட்டு மாடியையும் கடந்தது. அங்கே அவர் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசி, இடுப்பில் ஒரு துண்டோடு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் எண்ணெய் மின்ன, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு சர்ச் மைதானத்தில் நின்றார்.

"ஏலே ஜெஸ்டின், என் மாடியை எடுக்க உனக்கு எவம்லே அனுமதி குடுத்தான்? மனுசனுக்கு வீட்டுல ஒரு இது வேண்டாமா?"

"எது அண்ணாச்சி?"

"அதாம்லே... பிரைவசி."

"மறைக்க ஒண்ணும் இல்லாதவியளுக்கு என்ன பயம்னு நீங்கதான அண்ணாச்சி சொல்லுவீங்க?"

"அது வேறலே!"

எது வேறு, எப்படி வேறு என்று ஜெஸ்டினும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம். இந்த இனத்தின் அகராதியில், நாம் பார்த்தால் அது பாதுகாப்பு. நம்மைப் பார்த்தால் அது அக்கிரமம். எடுத்ததை அழித்து, அழித்ததைக் காட்டிய பிறகுதான் ஜெஸ்டினால் சாப்பிட உட்கார முடிந்தது.

வேதமாணிக்கத்துக்கு ஒரே மகள், ஜீனா. கழுகுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் 'பாக்கலாம்ப்பா' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், குளத்தூர்ப் பையன் ஒருவனின் படத்தைப் பார்த்து, போனில் இரண்டு மூன்று தடவை பேசியும் பார்த்துவிட்டு, முதல் தடவையாகத் தானே வாய் திறந்து 'சரி' என்று சொல்லியிருந்தாள். ஜெபக்கனி அன்று சந்தோஷத்தில் அழுதே விட்டாள். பையன் வீட்டிலும் பிடித்துப் போயிருந்தது. பாக்கி இருந்தது விசாரிப்பு ஒன்றுதான்.

விசாரிப்பு என்றால் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டுக்குப் போக மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் தெருவுக்கு வந்து, நாலு வீடு தள்ளி நின்று, தண்ணீர் கேட்கிற சாக்கில் பேச்சைத் தொடங்கி, பிள்ளை எப்படி, தாய் தகப்பன் எப்படி என்று கறந்துகொண்டு போவார்கள். அப்படித்தான் பையனின் பெரியப்பாவும் பெரியம்மாவும், ஜீனா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள். எந்த வீட்டில் கேட்கலாம் என்று அவர்கள் தயங்கி நிற்கும்போது ஒரு கேட் பேசியது.

"அண்ணாச்சி, யாரைத் தேடுதீங்க? உள்ள வாங்க."

பெரியம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். வாசலில் பெயர் இருந்திருந்தால் அது பெண் வீடு என்று தெரிந்து அப்படியே நழுவியிருப்பார்கள். பெயர் இருந்த இடத்தில்தான் கண்காணிப்புப் பலகை இருந்ததே. உள்ளே போனார்கள்.

"ஒரு பொண்ணு விசயமா..." என்று பெரியப்பா இழுத்ததுதான் தாமதம், வேதமாணிக்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. எதிர்வீட்டு வினோலியாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பது தெருவுக்கே தெரியும். தன் மகளுக்காகவும் ஒருவர் இப்படி வந்து விசாரிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எட்டவேயில்லை; பார்க்கப்படுகிறவர்கள் எப்போதும் அடுத்த வீட்டுக்காரர்கள்தான் என்பது அவருடைய நம்பிக்கை. ஜெபக்கனியைக் காப்பி போடச் சொன்னார். காராச்சேவு வந்தது. பெரிய டிவியில் தெரு கட்டம் கட்டமாக விரிந்தது.

"நான் சொல்லத விட நீங்களே பாத்துக்கிடுங்க. பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா..."

அந்த 'ஆனா'வில் எத்தனை கல்யாணம் நின்று போயிருக்கிறது! வினோலியா ஆஸ்பத்திரி வேலை முடிந்து விடியற்காலையில் வருவதைக் காட்டினார். ஒரு நாள் பைக்கில் வந்து இறங்குவதைக் காட்டினார். "ஹெல்மெட் போட்டுருக்கான், ஆள் தெரியல. நான் ஒண்ணும் சொல்லல, பாருங்க" என்றார். ஹெல்மெட்டுக்குள் இருந்தது அவளுடைய தம்பி. அது தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறகு ட்ரோன் படம். வினோலியா மாடியில் உட்கார்ந்து, போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா காராச்சேவைத் தொடவில்லை. "உங்க வீட்டுக்குள்ளயும் கேமரா இருக்கா?" என்று கேட்டார்.

"அது எதுக்கு? நம்ம வீடுல்லா!" என்று சிரித்தார் வேதமாணிக்கம்.

அப்போதுதான் பெரியம்மா டிவிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பட்டமளிப்பு உடுப்பில் ஜீனா. தரகர் அனுப்பி, அவர் போனில் இருக்கும் அதே முகம். பெரியப்பாவை முழங்கையால் இடித்தார். பெரியப்பா பாதிக் காப்பியைக் கீழே வைத்தார். "வாரோம் அண்ணாச்சி" என்று இருவரும் எழுந்துவிட்டார்கள். இருட்டில் நாயின் வாலை வைத்தே அது யார் வீட்டு நாய் என்று சொல்லக்கூடிய வேதமாணிக்கம், கண் முன்னால் நடந்த இதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் தரகர் சாம்ராஜ் போன் செய்தார். "அண்ணாச்சி, குளத்தூர்க்காரவிய வேண்டாம்னுட்டாவ. சனிக்கிழம உங்க தெருவுக்கு வந்து விசாரிச்சாவளாம். உங்க வீட்டுலதான் காப்பி குடிச்சாவளாம்." அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அல்லது சொல்ல மனசு வரவில்லை.

வேதமாணிக்கம் வீட்டில் வேறு மாதிரிச் சொன்னார். "பையனுக்கு வெளிநாட்டுல வேலை வந்துட்டாம். நமக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" ஜெபக்கனி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஜீனா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.

ஆனால் யாரோ எதையோ சொல்லிக் கெடுத்துவிட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வினோலியா வீடாக இருக்குமோ? பீவியாக இருக்குமோ? மறுநாள் சாயங்காலம் ஜெபக்கனி அடுப்படியில் இருந்த நேரத்தில், குற்றவாளியைப் பிடிக்க அந்தச் சனிக்கிழமையை ஓட்டிப் பார்த்தார். குளத்தூர்க்காரர்கள் வேறு எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. அவர் வீட்டு வாசலில்தான், செருப்பு மாட்டிக்கொண்டே, பேசும் கேமராவுக்கு நேர் கீழே நின்றார்கள். அது கேட்கவும் செய்யும்.

"பிள்ளையப் பத்தி ஒரு குத்தம் சொல்ல முடியாது. பாவம்" என்றார் பெரியம்மா.

"அப்போ பேசி முடிச்சிருவமா?"

"யாருட்ட? இந்த மனுசங்கிட்டயா? எதிர்வீட்டுப் பொம்பளப்பிள்ள எந்நேரம் வீட்டுக்கு வருதுன்னு, முன்னப் பின்னத் தெரியாத நமக்குப் படம் போட்டுல்லா காட்டுதாரு. நாளைக்குச் சம்பந்தின்னு நம்ம வீட்டுக்கு வருவாரு. மக எந்நேரம் எந்திக்கா, நாம அவளுக்கு என்னத்தப் போட்டோம், எல்லாத்தையும் ஊருக்குப் போட்டுருவாரு."

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? இங்கன யாரு இருக்கா?"

வேதமாணிக்கம் அதைத் திரும்பவும் கேட்டார். காது சிவந்துபோயிற்று. கேமரா மாட்டிய நாளிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒரு குற்றவாளி அதில் அகப்பட்டதில்லை. குழுவில் போட்டாரா? போடவில்லை. அழி என்பதை அழுத்தினார். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. அதையும் அழுத்தினார். நிமிர்ந்தால், கழுகுமலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஜீனா, தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா பாக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பூனை ஒண்ணு..."

"நான் அன்னைக்கே கேட்டுட்டேம்ப்பா."

அவருக்குப் புரியவில்லை.

"என் போன்லயும் நீங்கதான அந்த ஆப்பப் போட்டுக் குடுத்தீங்க. அவிய பேசுனத, அவிய தெரு முக்கு தாண்டுததுக்கு முன்னாலயே கேட்டுட்டேன்."

"பெறவு ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

குரலை உயர்த்தவில்லை அவள். திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

வேதமாணிக்கம் அந்தக் கதவு முன்னால் போய் நின்றார். தெருவில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டு நடமாட்டமும் தெரிந்த மனிதருக்கு, தன் வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில், மகள் அழுகிறாளா, அழவில்லையா என்று தெரியவில்லை. தட்டக் கையைத் தூக்கினார். என்ன சொல்லித் தட்டுவது என்று தெரியாமல் கையை இறக்கினார். மெள்ள ஒதுங்கிப் போய் அடுப்படியில் ஜெபக்கனி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே ஜீனா என்ன செய்தாள்? குளத்தூர்ப் பையனுக்குப் போன் போட்டாளா? அவன் எடுத்தானா? எடுத்து, பெரியம்மா சொன்னால் சொல்லட்டும் என்றானா, இல்லை அவனும் அதையேதான் சொன்னானா? அதைச் சொல்வதாக இல்லை. அது ஒரு பெண் சாத்திக்கொண்ட கதவு, அவ்வளவுதான். வேதமாணிக்கமே ஒதுங்கிப் போய்விட்டார். நீங்கள்தான் இன்னும் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.