ஏழு பிழைகள் கொண்ட அறிவிக்கை

"ஏழு தப்பு!" என்றார் மெய்ப்புத் திருத்துநர், சிவப்புப் பேனாவை மூடாமலேயே.

அச்சகமொன்றில் முப்பதாண்டுகளாகப் பிறர் பிழைகளைத் திருத்திவரும் அவர் கையில் அன்று இருந்தது, சாலை போட நிலம் எடுக்கும் அலுவலகத்தின் அறிவிக்கை. வாசலறையில் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த மனைவி காலை நிறுத்தினார். அவ்வறையில்தான் அவருடைய தையல் வகுப்பு நடந்தது. இரண்டு இயந்திரங்கள், ஆறு மாணவிகள்.

"தப்பு கெடக்கட்டும். என்ன எழுதியிருக்கு?"

"'கையகப்படுத்த'ல 'ப்'பைக் காணோம்."

"ஒற்றெழுத்து போனாப் போகட்டுங்க! வீடு போகுதா, இல்லையா?"

"அதுதான் புரியலை. என் தலைப்பெழுத்து தப்பு. நம்ம சர்வே நம்பர் 218ஐ 281ன்னு போட்டிருக்கான். இவ்வளவு பெரிய வீட்டைக் 'காலி மனை'ங்கறான்!"

"தலைப்பெழுத்தைத் திருத்தப் போய் நம்ம தலையெழுத்தைத் திருத்திடாதீங்க."

வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்த மைத்துனர் மறுநாள் வந்தார்.

"பதறாதீங்க மாமா. எதுக்கு எடுக்கறாங்க, எத்தனை அடி எடுக்கறாங்கன்னு கேட்டு முப்பது நாளுக்குள்ள ஆட்சேபணை எழுதிப் போடுங்க. நகல் வச்சுக்குங்க. விசாரணைக்குக் கூப்பிட்டாப் போய்ப் பேசுங்க. அதுவரைக்கும் அவங்க கேக்காத எதையும் நீங்களாச் சொல்லாதீங்க."

"இத்தனை தப்போட இருக்கற தாளுக்கு எப்படிப்பா பதில் எழுதறது?"

"கையாலதான் மாமா!"

எழுதினார். ஆயினும் உறையை ஒட்டுமுன் மனம் கேட்கவில்லை. அறிவிக்கையின் பிழைகளைச் சிவப்பில் திருத்தி, பத்திர நகலையும் உடன்வைத்து அனுப்பினார்.

இரண்டாம் அறிவிக்கை வந்தது. பெயரும் எண்ணும் சரியாக இருந்தன.

"பாத்தியா, ஒழுங்காப் படிக்கறாங்க!" என்று பூரித்தார்.

"ஆட்சேபணைக்கு என்ன சொன்னாங்க?"

"அதைப் பத்தி ஒண்ணும் காணோம். 'காலி மனை' மட்டும் இன்னும் மாறலை."

அடுத்த வாரம் நில அளவையர் அளவுச் சங்கிலியோடு வந்து, வீட்டைக் கண்டு திகைத்து நின்றார்.

"காலி மனைன்னுல்ல போட்டிருக்கு? எடம் மாறி வந்துட்டேன் போல. வரேன்மா."

"ஆமாங்க, பாத்துப் போங்க!" என்று மனைவி வாயெல்லாம் பல்லாக விடைகொடுத்தார்.

மெய்ப்புத் திருத்துநர் பத்திரத்தோடு ஓடிவந்து வாசலை மறித்தார். "எடம் சரிதான். உங்க தாள்தான் தப்பு. இந்தாங்க, நாலெல்லையும் பாத்துக்குங்க."

"ரோடு இங்க வரணும்னா வளையணுமே சார்?"

"ரோடு எப்படி வேணா வளையட்டும். எழுத்து வளையக் கூடாது."

அளவையர் தலையைச் சொறிந்தபடி அளந்து குறித்துக்கொண்டு போனார்.

"தானாப் போனவரைக் கூப்பிட்டு அளக்க வைக்கறீங்களே, நல்லா இருக்கா இது?" என்றார் மனைவி.

"தப்போட விட்டா எனக்குத் தூக்கம் வராதேம்மா."

மூன்றாம் உறை பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் கையொப்பம் வாங்கிய பின்னும் ஏனோ வாசலில் நின்றார். மெய்ப்புத் திருத்துநர் தாளை ஒருமுறை படித்தார், மறுமுறையும் படித்தார். சிவப்புப் பேனா தாளைத் தொடவேயில்லை. வீட்டின் முன்புறம் பன்னிரண்டடி, அதாவது வாசலறை முழுவதும், எடுக்கப்படும் என்றிருந்தது.

"ஒரு தப்பும் இல்லை" என்றார், வாழ்நாளில் முதன்முறையாக வருத்தத்தோடு.

இயந்திரத்தின்மேல் கையை வைத்தபடி மனைவி கேட்டார்: "முதல் தாளை வந்தபடியே விட்டிருக்கலாம்ல?"

"அத்தனை தப்பை எப்படி விடறது?"

தபால்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதுல இருந்தது தப்பில்லீங்க ஐயா; பின்தெருவுல உங்க பேர்லயே ஒருத்தர் காலி மனை வச்சிருக்காரு, அவருக்கு வந்ததை நான்தான் மாத்தி இங்க போட்டுட்டேன்."