சுங்கப் பட்டியலில் இல்லாத வீடு

வீட்டை விட்டு ஓடிப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டையே காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர் இந்தப் பூலோகத்தில் எங்கள் தேர் மாமா ஒருவர்தான். மறுப்பவர்கள் எனக்குக் கடிதம் எழுதலாம். நான் பதில் போடமாட்டேன்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். மயிலாப்பூரில், குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மாமாவின் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா, கல்யாணமாகாதவன், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன். மாமாவுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருந்தது. அவர் சர்க்காரில் பாலங்களுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். அவர் வரைந்த பாலம் எதையும் சர்க்கார் கட்டவில்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஜனங்கள் பிழைத்தார்கள் என்றும் அதே தெருவில் சொல்வார்கள்.

மாமாவுக்கு எதிலும் சந்தேகம் என்பதே வந்து நான் பார்த்ததில்லை. மழைத்தண்ணீர் வாசலில் தேங்கினாலும், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தாமல் போனாலும், மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை இழுத்துவிட்டு, "அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன்" என்பார். ஒருமுறை வாசல் கதவிலிருந்து சமையலறைக்குக் கயிறு கட்டி மணி தொங்கவிட்டார். வாசலில் யார் வந்தாலும் மாமிக்குத் தெரியவேண்டுமாம். கயிற்றில் காக்காய் உட்கார ஆரம்பித்தது. அன்று முழுக்க மாமி வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்து, சாயங்காலம் அரிவாள்மணையால் கயிற்றை அறுத்துப் போட்டாள்.

கோமு மாமியைப் பற்றியும் சொல்லவேண்டும். தங்கமான மனுஷி, ஆனால் மடி ஆசாரம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். தன் அடுப்பில் தான் சமைத்ததைத் தவிர எதையும் வாயில் போடமாட்டாள். தன் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது. இதனால் கல்யாணமாகி வந்தவள் மயிலாப்பூரை விட்டு நகர்ந்ததில்லை. ஒரே ஒரு தடவை ரயில் ஏறினாள். செங்கல்பட்டு வருவதற்குள் தாகத்தில் மயக்கம் போட்டு விழுந்தாள். மாமா அடுத்த ரயிலில் திருப்பி அழைத்து வந்துவிட்டார்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. தெற்கே ஒரு சமஸ்தானத்தில் வாழ்க்கைப்பட்டவள். பதினோரு வருஷமாக இருவரும் முகம் பார்க்கவில்லை. அந்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் கோணல் மாணலாக ஒரு கார்டு எழுதியிருந்தாள். "கோமு, ஒரு தரம் வந்து மூஞ்சியைக் காமிச்சுட்டுப் போடி." மாமி அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். மாமாவும் பார்த்தார். மூக்குப்பொடி டப்பாவை வெளியே எடுத்தார்.

மறுநாள் ஐஸ்ஹவுஸ் பக்கத்தில் ஜட்கா கூடு கட்டும் கரீம் பாயின் பட்டறையில் நாங்கள் நின்றோம். பாய் மாமாவின் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இன்னா சாமி இது? ஜட்கான்னா குதிர இஸ்துக்கினு போவும். வூட்ட யாரு இஸ்துக்கினு போறது?"

"என் கார் இழுக்கும் பாய்."

"அடுப்பு கீதா உள்ள?"

"இருக்கு."

"கெணறு?"

மாமா ஒரு சிட்டிகை பொடி இழுத்தார். "அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன்" என்றார். அந்த வழி, இரண்டு பெரிய பித்தளை அண்டா.

நாலு மாதத்தில் வீடு தயாராயிற்று. நாலு சக்கரம், தகரக் கூரை, ஒரு ஜன்னல், அடுப்பு மேடை, சுவாமி படத்துக்கு ஒரு மாடம். மாமி சுற்றி வந்து பார்த்துவிட்டு, கிரகப்பிரவேசம் பண்ணாத வீட்டில் அடுப்பு மூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாத்தியார் வந்து, வாசல் கிழக்குப் பார்க்கவில்லையே என்று இழுத்தார். "எந்தப் பக்கம் பாக்கணும்னு சொல்லுங்கோ, திருப்பித் தரேன்" என்றார் மாமா. நாலு பேராகத் திருப்பினோம். பால் பொங்கியது.

கிளம்பின அன்று முதல் திருப்பத்திலேயே வீடு சிக்கிக்கொண்டது. தெருவே கூடி வடம் பிடித்தது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். மாமாவுக்குத் தேர் மாமா என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான். மந்தைவெளியைத் தாண்டுவதற்குள் பகல் சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, சாப்பாடுதான் கூடவே வந்துகொண்டிருந்ததே.

பெட்ரோலுக்குக் கூப்பன் கிடைக்காத காலம் அது. காரின் பக்கவாட்டில் ஓர் உருளையை மாட்டி, அதில் கரி போட்டுப் புகைய விட்டு, அந்த வாயுவில் ஓட்டுவோம். முன்னால் காரின் புகை, பின்னால் மாமியின் அடுப்புப் புகை. வழியிலே ஒரு கிராமத்தில் மூட்டை முடிச்சோடு ஒருவர் கை காட்டி, இது எந்த ஊருக்குப் போகிற ரயில் என்று விசாரித்தார். மேடு வந்தால், ஓட்டுகிற மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் இறங்கித் தள்ளுவேன். மற்ற நேரத்தில் எனக்கு ஒரே வேலைதான். பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வீடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வராவிட்டால் கத்தவேண்டும்.

மூன்றாம் நாள் பகல், சமஸ்தானத்து எல்லையில் சுங்கச்சாவடி வந்தது. எங்களைப் பொறுத்தவரை அது அந்நிய தேசம். ராஜா வேறு, சட்டம் வேறு. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கம்பம், அதன் ஒரு முனையில் கல் கட்டியிருக்கும். ஓரத்தில் ஓலைக்கொட்டகையில் குமாஸ்தா ஒருவர். மாமா பணத்தைக் கொடுத்தார். ரசீதைக் கொடுத்துவிட்டு குமாஸ்தா கம்பத்தைத் தூக்கினார். கார் உள்ளே போனது. வழக்கம்போல அவர் கம்பத்தை இறக்கினார். புகையில் அவருக்கு வீடு தெரியவில்லை. அவருடைய அனுபவத்தில் காருக்கு வால் இருந்ததும் இல்லை.

கத்தவேண்டிய நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

டமார் என்ற சத்தத்தில்தான் விழித்தேன். கம்பம் வீட்டின் நெற்றியில் இடித்து, காரோடு மாட்டியிருந்த கொக்கி முறிந்து, கார் சமஸ்தானத்திலும் வீடு பிரிட்டிஷ் இந்தியாவிலுமாக நின்றன. ஜன்னலுக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "அண்டா ரெண்டும் சாஞ்சுடுத்து!" கதவிடுக்கு வழியாக மயிலாப்பூர்த் தண்ணீர் சாலையில் ஒழுகி ஓடியது.

குமாஸ்தா பதறி ஓடி வந்தார். மாமிக்கு அடி ஒன்றும் படவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது.

"இது என்னங்க சாமி?"

"என் வீடு."

அவர் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவினார். "மோட்டார் இருக்கு. ஒத்த மாடு, ரெட்ட மாடு, குதிரை, யானை, ஒட்டகங்கூட இருக்கு. வீடு இல்லீங்களே."

"யானைக்கு வாங்கறேளே, அதோட வாலுக்குத் தனியா வாங்குவேளா? இது என் காரோட வால். விடும்."

"யானை வாலுல யாரும் குடியிருந்து சமைக்க மாட்டாங்க சாமி. பட்டியல்ல இல்லாததுக்கு அரமனை உத்தரவு வரணும். ஆள் போய் வர ரெண்டு நா ஆகும். நீங்க காரோட தாராளமாப் போகலாம்."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் மாமா கம்பத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பிடிவாதக்காரர் என்றால், அவர் இந்தப் பக்கத்து ஊர்ப் பிடிவாதக்காரர். இரண்டு நாள் காத்திருக்கலாம்தான். ஆனால் தண்ணீர்? மாமிக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் எப்படிப் போகும்? திரும்பிப் போவதென்றாலும் மூன்று நாள். அக்காவின் வீடோ அங்கிருந்து ஒரு மாலைப்பொழுது தூரம். நான் மாமாவைப் பார்த்தேன். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார்.

"அதுக்கு ஒரு வழி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. விரலிடுக்கில் பொடி அப்படியே இருந்தது. அந்த மனிதரின் முகத்தில் நான் சந்தேகத்தைப் பார்த்தது அன்று ஒரு தடவைதான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தூங்கினவன் நான் அல்லவா.

வீட்டுக் கதவு திறந்தது. மாமி ஒரு துணிமூட்டையோடு இறங்கினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து கம்பத்துக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தாள்.

"நான் ஒரு வழி வெச்சிருக்கேன்" என்றாள்.

கொட்டகை வாசலில் குமாஸ்தாவின் மனைவி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி நேராக அவளிடம் போனாள்.

"குடிக்க ஒரு வாய் ஜலம் தரியாம்மா?"

அந்தப் பெண் திகைத்துப்போய்ப் புருஷனைப் பார்த்தாள். "எங்க வீட்டுத் தண்ணியா? நீங்க குடிப்பீங்களாம்மா?"

"தாகமா இருக்கு. கொண்டா."

சொம்பு வந்தது. மாமி அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை. உதட்டில் வைத்தே மடக் மடக்கென்று குடித்து, சொம்பைக் காலி பண்ணிக் கொடுத்தாள். பிறகு காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி நின்ற மாமாவைப் பார்த்து, "வாங்கோ, அக்கா காத்துண்டிருப்பா" என்றாள்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். கட்டிலில் கிடந்த அக்கா, தங்கையின் முகத்தை இடது கையால் தடவித் தடவிப் பார்த்தாள். தங்கையின் ஆசாரம் அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் மனசு கேட்காமல், குழறிய குரலில், "ஏதாவது சாப்பிடறியாடி கோமு?" என்று கேட்டாள். "போடு. பசிக்கறது" என்றாள் மாமி. அக்கா அழுதாள், மாமி அழுதாள், நானும் மாமாவும் வாசலுக்குப் போய்க் காரைத் துடைத்தோம்.

பத்து நாள் கழித்துத் திரும்பும்போது அரண்மனை உத்தரவு வந்திருந்தது. மேற்படி வீடு பட்டியலில் இல்லாதபடியால் உள்ளே விடுவதற்கில்லை. இடையில் மழை பிடித்துக்கொண்டு ஓலைக்கொட்டகை சரிந்துபோக, குமாஸ்தா எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகச் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கூச்சத்தோடு இறங்கி வந்தார். "நீரே வெச்சுக்கும் ஓய். வாசலை மட்டும் கிழக்குப் பாக்கத் திருப்பிவிடும்" என்று மாமா சாவியைக் கொடுத்துவிட்டார். நாலு மாதம் ராப்பகலாகக் கட்டிய வீடு!

காரில் வரும்போது, என்னால்தான் எல்லாம் போயிற்று என்று நான் மென்று விழுங்கிச் சொன்னேன். மாமா பக்கத்து சீட்டைக் காட்டினார். மாமி ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, வழியில் வாங்கிய முறுக்கைக் கடித்தபடி ஊர் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அசடே, நீ முழிச்சுண்டிருந்தா இவ அந்த வீட்டை விட்டு எறங்கியிருப்பாளோ?" என்றார்.

இப்போது மாமாவும் இல்லை, மாமியும் இல்லை. ரயில்வே கேட்டோ, சுங்கச்சாவடியோ, ஏதாவது ஒரு கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் நன்றாக விழித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். புகையைக் கிளப்பிக்கொண்டு அவர்கள் வந்தால், கம்பத்தைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.