பதினொரு அறை, பதினொரு நாடு

எங்கள் உறுப்புரை அண்ணையிடம் விட்டிருந்தால், ஆதாமும் ஏவாளும் காயீனைப் பெறுவதற்கு முன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முப்பது நாள் காத்திருந்திருப்பார்கள்.

எண்பத்தைந்தில் டென்மார்க்கில் ரண்டர்ஸுக்கு அருகே ஒரு பழைய ஹோட்டலில் அகதிகளாகிய எங்களை வைத்திருந்தார்கள். பதினொரு அறைகள். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அண்ணை ஒன்பதாம் அறையில் தனியாள். வாயைத் திறந்தால் "மூன்றாம் உறுப்புரையின்படி" என்று சட்டப்பிரிவோடுதான் தொடங்குவார். டேனிஷ் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை மாறி மாறிப் பார்ப்போம் என்று நாங்கள் வாயால் பேசி முடித்ததை, அவர் எட்டு உறுப்புரைகளாக எழுதினார். பிள்ளைகள் நலனுக்காக நாடுகள் செய்துகொண்ட ஏதோ ஒப்பந்தத்தை நூலகத்தில் பார்த்திருக்கிறார். அதன்படி ஒவ்வோர் அறையும் ஒரு நாடு. கக்கூசு மட்டும் சர்வதேசக் கடற்பரப்பு.

இரண்டாம் அறைச் செல்வம் கேட்டான்: "கையெழுத்துப் போட்டிட்டன் அண்ணை. பிள்ளையை விட்டிட்டுப் போகட்டே?"

"அது விருப்பம் தெரிவிச்சது மட்டும். மனிசியோட கதைச்சு உறுதிக் கடிதம் தாரும். பிறகு முப்பது நாள். அப்பதான் நீர் உறுப்பு நாடு."

வெள்ளிக்கிழமை மீன் சமைக்கமாட்டோம் என்ற விலக்கோடு நாலாம் அறை சேர்ந்தது. பாலுக்குச் சீனி போடும் திருத்தம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறியது. ஆனால் ஏற்காத அறைகளை அது கட்டுப்படுத்தாதாம். பிள்ளைகள் எல்லோரும் சீனி போடும் நாடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஆறாம் அறை ரீற்றா அக்கா மட்டும் சேரவில்லை. மன்னார்க்காரி, நிறைமாதம், கணவர் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளை பாக்கிறதுக்கும் கடுதாசியோ? போங்கோ அண்ணை!"

ஒரு மத்தியானம் அவருக்கு வலி கண்டது. ஆம்புலன்சோடு நகரசபை அம்மா ஒருவரும் வந்தார். உறவினர் இல்லாததால் அவருடைய மூன்று வயது மகள் அனிற்றாவை ஓல்போர்க்கில் ஒரு டேனிஷ் குடும்பத்திடம் விடப்போகிறாராம். பிள்ளை தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறியது. தாய் வண்டியில் ஏற மறுத்தார்.

"நாங்கள் பாக்கிறம்!" என்று கத்தினோம்.

"நாங்கள் என்றால் யார்? எழுத்தில் இருக்கிறதா?" என்றார் அந்த அம்மா.

இருந்தது! அண்ணை கோப்போடு ஓடிவந்தார், டேனிஷ் மொழிபெயர்ப்பு உட்பட. ஐந்தாம் உறுப்புரையில் விரலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேராத அறையின் பிள்ளையை எவரும் பொறுப்பேற்க முடியாது. இப்போதே சேர்ந்தாலும் முப்பது நாள். எழுதிய புண்ணியவான் அவரேதான்.

"திருத்தம்!" மாடிப்படியில் ஏறி நின்று கத்தினார். "பிள்ளைக்கு அவசரமெண்டால் முப்பது நாளும் இல்லை, ஒண்டும் இல்லை. மறுக்கிற நாடு கையைத் தூக்கட்டும்!"

ஒரு கையும் எழவில்லை. ரீற்றா அக்கா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கையெழுத்திட்டார். எல்லாவற்றையும் வாசித்த நகரசபை அம்மா, பிள்ளை எந்த அறையில் படுக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போனார். இந்த நாட்டில் அழுகைக்கு இல்லாத மரியாதை கடுதாசிக்கு உண்டு. அனிற்றா நாலாம் அறையில் தங்கினாள். வெள்ளிக்கிழமை மீன் கேட்டு அழுதாள்.

சில வருடங்கள் கழித்து, ரண்டர்ஸிலிருந்து வெகுதூரத்தில் உள்ள டோஸ்ட்ருப்பில் எனக்கு மகள் பிறந்தாள். உதவிக்கு ஒரு சொந்தமும் இல்லை. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நாங்களும் ஒப்பந்தத்தில சேரலாமோ?"

"விண்ணப்பத்தை எழுதி அனுப்பும். முப்பது நாள் பொறுக்கோணும்."

மறுநாள் காலை கதவைத் திறந்தால், கோப்பும் கையுமாக நின்றார். இந்த மனிதரை நான் எவ்வளவு நக்கலடித்திருப்பேன்! கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். கோப்பில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில், கடைசி வரியை என் மகளுக்காக வெறுமையாக விட்டுக் கொண்டுவந்திருந்தார்.