கதவைக் கடிக்கும் குதிரையும் நானும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கே உன் அக்காவும் நானும் சுகம். நீ எங்களிடம் விட்டுப்போன குதிரையும் சுகம். அதன் கதவுக்குத்தான் உடம்பு சரியில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் படுக்கையறை நிலைக்கண்ணாடியை லாயத்துக்கு மாற்றுவதென்று நானும் உன் அக்காவும் ஒருமனதாக முடிவெடுத்தோம்.

காரணம் உனக்குத் தெரியும். நீ வெளியூர் போனதிலிருந்து குதிரை கதவின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குகிறது, களைத்துப்போனால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற இடத்திலேயே அசைகிறது. ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் விற்றுவிடச் சொல்லி நீ எழுதியிருந்தாய். இந்த வீட்டில் நான் பேசினால் காதைத் திருப்பும் ஒரே ஜீவன் அது என்பதால் நான் வைத்தியத்தில் இறங்கினேன். கண்ணாடியில் தெரிந்த தோழியை அது அரைமணி நேரம் மயங்கிப் பார்த்துவிட்டு அவளுடைய சட்டத்தைக் கடித்தது. உன் அக்கா இப்போது தலைவார லாயத்துக்குப் போகிறாள். கதவில் மிளகாய் விழுது தடவினேன். அது நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது, நான்தான் மறந்துபோய்க் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டினோம். மூன்றாம் நாள் ஆடும் கதவைக் கடித்தது. கடைசியில் கால்நடை டாக்டர் வந்தார்.

"நாள் முழுக்க அடைஞ்சே கிடக்கா? வேலை ஒண்ணும் இல்லையா?"

"யாரைக் கேக்கறீங்க, டாக்டர்?" என்றாள் உன் அக்கா.

"குதிரையைத்தாம்மா."

"ரெண்டுக்கும் ஒரே பதில்தான். ரிட்டயர் ஆனதிலேருந்து இவரும் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துட்டே இருக்காரு. குதிரையாவது டப்பாவைத் திறந்து பார்த்து யோசனை சொல்லாது."

டாக்டர் மருந்துச்சீட்டில் எழுதினார். எந்த நோயாளிக்கு என்று சொல்லவில்லை. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போட வேண்டும், தினமும் வெளியே நடத்த வேண்டும், பக்கத்தில் ஆள் துணை வேண்டும். அன்றிலிருந்து காலையும் மாலையும் குதிரையும் நானும் நடக்கிறோம், மற்ற நேரம் நான் லாயத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளைத் தலையங்கம் உட்பட உரக்கப் படிக்கிறேன். ஒன்பது நாளாகக் கதவில் புதிய பல்தடம் இல்லை. குதிரை பூரண குணம். ஆகவே விற்கும் பேச்சை அடியோடு விட்டுவிடு.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

உன் அத்தான்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் நீ சொல்லிவைத்த சவாரிப் பள்ளிக்காரர் லாயத்துக்கே வந்துவிட்டார். விற்பதாக இல்லை என்று சொல்ல எழுந்தேன். குதிரை கதவைக் கவ்வியது. உட்கார்ந்தேன், விட்டது. "எந்திரிங்க சார். உக்காருங்க சார். இன்னொரு தடவை" என்று மூன்று முறை சோதித்துவிட்டு, "ரெண்டு பேரையும் எடுத்துக்கறேம்மா, தங்கறதுக்கு ரூம் இருக்கு" என்று உன் அக்காவிடம் சொன்னார். அவள் யோசிக்க நேரம் கேட்கவில்லை. வண்டி திங்கட்கிழமை எட்டு மணிக்கு வருகிறது.